விபிஎஸ்ஸில் ஓடும் செயலியை உங்கள் திரையில் திறப்பது எப்படி?

விபிஎஸ் வாடகைக்கு எடுத்ததும் பலர் அதில் முழு டெஸ்க்டாப்பையே நிறுவிவிடுகிறார்கள். 1 ஜிபி ரேம் உள்ள சர்வருக்கு அது வீண் சுமை. ஒன்றிரண்டு செயலிகளின் ஜன்னல்தான் வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் வழியே எக்ஸ்11 ஃபார்வர்டிங் போதும்.

1987-இல் வந்த எக்ஸ்11, செயலி ஒரு கணினியிலும் திரை வேறொன்றிலும் இருக்கலாம் என்று கருதியே வடிவமைக்கப்பட்டது. இதில் திரையைக் கையாளும் உங்கள் கணினிதான் எக்ஸ் சர்வர். விபிஎஸ்ஸில் ஓடும் செயலி அதன் கிளையன்ட். ஆகவே எக்ஸ் சர்வர் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸையும், விண்டோஸில் மோபாஎக்ஸ்டெர்மையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

அடுத்து விபிஎஸ். உபுண்டு, டெபியன் என்றால் எக்ஸ்ஆத் என்ற சிறு பேக்கேஜை நிறுவுங்கள். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஜன்னல் திறக்காது. எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் வரியில் 'யெஸ்' இருக்கிறதா பாருங்கள். மாற்றியிருந்தால் எஸ்எஸ்ஹெச் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி வழக்கமான எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு ஒரு சிறுகோடும் அதை ஒட்டிப் பெரிய எழுத்து எக்ஸும் சேர்த்து உள்ளே நுழையுங்கள். சின்ன எழுத்து எக்ஸ் போட்டால் ஃபார்வர்டிங் அணைந்துவிடும், கவனம். நுழைந்ததும் டிஸ்ப்ளே என்ற மாறியை எக்கோ செய்யுங்கள். லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்பதுபோல வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் அந்த மதிப்பைக் கையால் நிரப்பாதீர்கள். எக்ஸ்ஆத்தையும் கான்ஃபிக்கையும் மறுபடி பாருங்கள். எக்ஸ்11-ஆப்ஸ் பேக்கேஜில் உள்ள எக்ஸ்கிளாக்கை ஓடவிட்டால், முள் வைத்த சின்னக் கடிகாரம் உங்கள் திரையில் வந்து நிற்கும்.

எடிட்டர், கோப்பு மேலாளர் போன்றவை ஓரளவு நன்றாகவே ஓடும். பிரவுசர் இழுக்கும். சர்வர் தொலைவில் இருந்தால், ஒவ்வொரு அசைவுக்கும் செய்தி போய்வருவதால் தாமதம் தெரியும். பெரிய எழுத்து சி சேர்த்து கம்ப்ரஸ் செய்தாலும் அந்தத் தூரம் குறையாது. இணைப்பு அறுந்தால் செயலியும் சாகும். நீண்ட நேர வேலைக்கு எக்ஸ்ப்ரா என்ற மென்பொருள்தான் சரி: அறுந்த இடத்திலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

பெரிய எக்ஸுக்குப் பதில் பெரிய எழுத்து ஒய் போட்டு இணைத்தால், விபிஎஸ்ஸில் ஓடும் செயலிக்கு உங்கள் திரைமேல் முழு உரிமை; மற்ற எக்ஸ் ஜன்னல்களில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக்கூட அது படிக்க முடியும். உங்கள் கணினியில் டெபியன், உபுண்டு இருந்தால் பெரிய எக்ஸும் ஒய் போலவே நடந்துகொள்ளும். அதனால் நீங்களே நிர்வகிக்கும் சர்வர்களுக்கு மட்டும் இதைத் திறங்கள்.