சியேனாவில் ஒரு பகல்

நுழையும்முன்

"உன் ஊர் எது?" என்னும் வினாவிற்குச் சிலர் உடனே விடை கூறுவர், சிலர் சற்றுத் தயங்குவர். இத்தாலி நாட்டின் பழைமையான நகர் ஒன்றைக் காணத் தோழியருடன் சென்ற மாணவி ஒருத்தி அவ்வினாவை எதிர்கொண்ட நிகழ்ச்சியை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

புனே நகரில் வளர்ந்த மதிவதனி, கட்டடக்கலை பயில்வதற்காக இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று ஓராண்டு ஆகியிருந்தது. அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், உடன்பயிலும் தோழியர் மூவருடன் சியேனா நகரைக் காணப் புறப்பட்டாள். புளோரன்சிற்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் அந்நகர் அமைந்துள்ளது. திராட்சைத் தோட்டங்களையும் ஒலிவ மரங்களையும் கடந்து சென்ற பேருந்து, அவர்களைப் பழைய நகரின் விளிம்பில் இறக்கிவிட்டது. குறுகலான அதன் தெருக்களில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் நால்வரும் நடந்தே சென்றனர்.

தெரு ஒன்றின் முடிவில், விசிறியை விரித்து வைத்தாற்போன்ற பெருந்திடல் அவர்கள் கண்முன் தோன்றியது. அதன் பெயர் காம்போ. செங்கல் பாவிய அத்திடல், வெண்கற்கோடுகளால் ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1287 முதல் 1355 வரை நகரை ஆண்ட ஒன்பதின்மர் குழுவை அப்பகுதிகள் நினைவூட்டுகின்றன. திடலின் தாழ்ந்த ஓரத்தில் நகர மன்றமும், அதனை ஒட்டி ஏறத்தாழ 88 மீட்டர் உயரமுள்ள மாஞ்சா கோபுரமும் நின்றன.

நகர மன்றத்தின் உள்ளே, ஓவியர் அம்புரோஜியோ லொரன்செட்டி 1338, 1339ஆம் ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. ஒன்றில் நல்லாட்சி நடைபெறும் நகர்: கொத்தர்கள் உயரத்தில் நின்று வீடு கட்டுகின்றனர், வணிகர் பொருள் விற்கின்றனர், உழவர் அறுவடை செய்கின்றனர். மற்றொன்றில் கொடுங்கோலாட்சியின் நகர்: வீடுகள் சிதைந்து கிடக்கின்றன; வயல்கள் பாழாகியுள்ளன. ஆள்வோர் கூடும் மன்றத்தின் சுவரிலேயே இவற்றைத் தீட்டச் செய்தமை மதிவதனியை வியப்பில் ஆழ்த்தியது.

பின்னர்ப் பேராலயத்தை அடைந்தனர். அதனை மிகப் பெரிதாக விரிவாக்க 1339இல் பணி தொடங்கினர். 1348இல் கொள்ளைநோய் பரவிப் பெருந்தொகையான மக்கள் மாண்டனர், பணி நின்றது. கூரையற்ற அந்தச் சுவர்கள் இன்றும் அவ்வாறே நிற்கின்றன.

வழியெங்கும் சுவர்களில் ஆமை, கழுகு, ஆந்தை முதலிய உருவங்கள் பதிக்கப்பட்டிருந்ததை மதிவதனி கண்டாள். அவற்றின் பொருளை இத்தாலியத் தோழி விளக்கினாள். சியேனா நகர் 17 பேட்டைகளாகப் பிரிந்துள்ளது. பேட்டையை அவர்கள் 'கொந்திராதா' என்பர். ஒவ்வொன்றிற்கும் தனிக்கொடி, தேவாலயம், அருங்காட்சியகம், நீரூற்று ஆகியன உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் காம்போ திடலில் மண் பரப்பிப் 'பாலியோ' என்னும் குதிரைப் பந்தயம் நடத்துவர். ஒவ்வொரு பந்தயத்திலும் பத்துப் பேட்டைகளே பங்கேற்கும். சேணமற்ற குதிரைகள் திடலை மும்முறை சுற்றிவருவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரை வீரன் கீழே விழுந்தாலும், குதிரை முதலில் வந்தால் அப்பேட்டைக்கே வெற்றி. பரிசு ஓவியம் தீட்டிய பட்டுக்கொடி ஒன்றே.

"நான் நத்தைப் பேட்டையைச் சேர்ந்தவள். எங்களுக்குப் போட்டி ஆமைப் பேட்டை!" என்று தோழி கூற, அனைவரும் நகைத்தனர்.

"நீ துரின் நகரில் பிறந்தவள் அல்லவா?" என்றாள் மதிவதனி.

"ஆம். ஆயினும் நான் நத்தையே. என் பாட்டியைக் கேட்டுப் பார்" என்றாள் தோழி.

நத்தைப் பேட்டையில் வாழும் பாட்டி அவர்களை அன்புடன் வரவேற்றார். பிழைப்பின்பொருட்டுக் கணவருடன் துரின் சென்று, நாற்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்து திரும்பியவர் அவர். "என் மகளும் பேத்தியும் அங்கே பிறந்தவர்கள். இருவரையும் இங்குக் கொண்டுவந்து, பேட்டை நீரூற்றின் நீரைத் தெளித்து, கழுத்தில் இதனைக் கட்டினோம்" என்று கூறிச் சிவப்பும் மஞ்சளும் கலந்த துணி ஒன்றைக் காட்டினார். பின்னர், "நீ எந்த ஊர், குழந்தாய்?" என்று மதிவதனியை வினவினார்.

மதிவதனி தயங்கினாள். பிறந்தது மும்பை, வளர்ந்தது புனே, தந்தையின் ஊரோ தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூர். அங்கு அவள் மூன்று முறையே சென்றிருந்தாள். "இந்தியா" என்று மட்டும் விடையளித்தாள்.

பாட்டி புன்னகைத்தார். "இந்தியா மிகப் பெரியது. அதற்குள் உன் நீரூற்று எங்கே இருக்கிறது?"

சிறிது நேரம் சிந்தித்த மதிவதனி, தான் கற்ற இத்தாலிய மொழியில் மெல்லக் கூறலானாள்: "குளக்கரையில் எங்கள் குடும்பத்தாரின் சாஸ்தா கோவில் உள்ளது. பங்குனி உத்திரத்தன்று, எங்கெங்கோ வாழும் உறவினர் அங்கு வந்து கூடுவர். என்னைக் காண்பவரெல்லாம், 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பர்."

"அங்கு உனக்கு எந்த நிறத் துணி கட்டுவார்கள்?"

"துணி கட்டுவதில்லை, பாட்டி. சர்க்கரைப் பொங்கல் தருவார்கள்!"

"அது இதனினும் நன்று" என்று பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

மாலையில் திரும்பும் பேருந்தில், காம்போ திடலின் படம் அச்சிட்ட அஞ்சலட்டையை மதிவதனி மடிமேல் வைத்தாள். ஊரிலுள்ள ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. தந்தை தொலைபேசியில் பேசும்போது ஓரிரு சொல் பேசுவதன்றி, மதிவதனி அவருக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. தமிழில் சரளமாகப் பேசும் அவளுக்கு எழுத்து எளிதாக வரவில்லை. 'ர'கரமா, 'ற'கரமா என்று ஐயுற்று இருமுறை அடித்துத் திருத்தினாள். புளோரன்ஸ் வந்து சேரும்போது நான்கு வரிகள் நிறைந்திருந்தன. கடைசி வரி இது: "நம் குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? வருகிற பங்குனி உத்திரம் எந்தத் தேதியில் வருகிறது, ஆச்சி?"

சொற்பொருள்

பாவிய – பரப்பி அமைத்த
கொத்தர் – கட்டடம் கட்டுவோர்
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
ஐயுற்று – சந்தேகம் கொண்டு

வினாக்கள்

1. காம்போ திடல் ஒன்பது பகுதிகளாக அமைந்திருப்பது எதனை நினைவூட்டுகிறது?
2. பேராலயத்தின் விரிவாக்கப் பணி நின்றது ஏன்?
3. "உன் நீரூற்று எங்கே இருக்கிறது?" என்று பாட்டி கேட்டதன் பொருள் யாது?
4. துரினில் பிறந்த தோழி தன்னை 'நத்தை' என்று கூறிக்கொண்டது சரியா? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

உம் குடும்பத்தாரின் ஊரிலுள்ள குளம், கோவில், மரம், தெரு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிக. அவ்வூரில் வாழும் உறவினர் ஒருவருக்கு நான்கு வரிகளில் அஞ்சலட்டை எழுதுக.