அல்சருக்குப் பட்டினிதான் காரணமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குழித்தறியில் பட்டு நெய்கிறார். முகூர்த்த மாதங்களில் வேலை நெருக்கினால் காலைச் சாப்பாடே பதினொரு மணிக்குத்தான். சில வாரங்களாக மேல்வயிறு எரிகிறது என்கிறார். நடுராத்திரியில் வலியோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நாலு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்குகிறது. நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர், பாலும் மோர்சாதமும் போதும் என்கிறார்கள் உறவினர்கள். இடுப்புவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கமும் அவருக்கு உண்டு. என்ன செய்வது?
– ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. காப்பு போனால் அமிலம் சுவரை அரித்துப் புண்ணாக்கும்.

இன்னொரு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் அல்சருக்குக் கிருமி காரணம் என்பதை மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான அல்சர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோதான் காரணம். பட்டினியும் காரமும் வலியைக் கூட்டலாம். பொதுவாகப் புண்ணை உண்டாக்குவதில்லை.

வெறும் வயிற்றிலும் இரவிலும் வலித்து, சாப்பிட்டதும் தணிவது முன்சிறுகுடல் புண்ணின் போக்கு. இரைப்பைப் புண் என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வலிக்கும். ஆனால் வலியை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. எண்டோஸ்கோபி செய்தால் புண்ணை நேரில் பார்க்கலாம். சிறு துணுக்கு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்றும் சோதிக்கலாம். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனையிலும் கிருமி தெரியும்.

கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்குகளும் தருவார்கள், வழக்கமாக 14 நாள். நாலாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தினால், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

மெடிக்கலில் தானே வாங்கும் வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இடுப்புக்குப் பாராசிட்டமால், பிசியோதெரபி என மாற்றுவழி உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: அல்சர் உள்ளவர்கள் மிளகு, சுக்கு போட்ட கோயில் இட்லி சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: உடம்புக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாக. எரிச்சல் வந்தால் புண் ஆறும்வரை தள்ளிவையுங்கள். பால் குடித்ததும் இதமாக இருக்கும், ஆனால் பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டும், அது மருந்தாகாது. உணவைவிடப் பீடி, சிகரெட்டை விடுவதுதான் அவசரம். புகை புண்ணை ஆறவிடாது.

மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ வந்தாலோ, திடீரெனப் பொறுக்க முடியாத வலியோடு வயிறு இறுகினாலோ, நெய்துகொண்டிருக்கும் சேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.