டார்க் ரெஞ்ச் வாங்கப் போறியா, தம்பி?

குற்றால சீசன் தொடங்குறதுக்குள்ள டார்க் ரெஞ்ச் வாங்கிடணும்னு சொன்னியே, அவசியம் வாங்கு. போன வருஷம் புளியரை எஸ் வளைவில், சாரலுக்குள்ள எனக்கு டயர் பஞ்சர். ஏதோ ஒரு கடையில் ஏர் கன் வச்சு முடுக்கின நட்டு, ஸ்பேனர் மேல ஏறி நின்னும் அசையலை. லாரிக்காரர் ஒருத்தர் நீளக் குழாய் மாட்டித் திருப்பினார்; நட்டோட மரையும் சேர்ந்து வந்துடுச்சு. மிஞ்சி முடுக்கினா இந்த கதி. குறைச்சு முடுக்கினா ஓட்டத்தில் தளரும், அது இன்னும் ஆபத்து. டார்க் ரெஞ்சில் அளவை வச்சு முடுக்கினா, அந்த அளவு வந்ததும் கிளிக்னு சத்தம் கேக்கும்.

முதல்ல உன் கார் மேனுவலைப் பாரு. சின்ன கார்களுக்கு வீல் நட்டு பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். பழைய புத்தகத்தில் கிலோகிராம் மீட்டர்னு இருந்தா 9.8-ஆல் பெருக்கிக்கோ. அந்த எண் ரெஞ்சோட அளவில் நடுவாக்கில் விழணும். அரை இஞ்ச் டிரைவ், 40 முதல் 200 வரை உள்ளது வீலுக்குத் தோது. அதையே ஸ்பார்க் பிளக்குக்கு எடுத்துடாதே. அதுக்குப் பெரும்பாலும் 30-க்குள்ளதான். கிளிக் சத்தம் கேக்கிறதுக்குள்ள அலுமினிய ஹெட்டில் மரை போயிடும். சின்ன ரெஞ்ச் தனியா வேணும்.

பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 6789, கூடக்குறைய 4 சதவீதம்னு போட்டிருக்கணும். 100-ல் வச்சா 96-க்கும் 104-க்கும் நடுவில் நிக்கும்னு அர்த்தம். உள்ளே இருக்கிற கேலிபரேஷன் சான்றிதழில் உன் ரெஞ்சோட சீரியல் நம்பரே இருக்கான்னு பாரு. பொதுவா அச்சடிச்ச தாளை நம்பாதே.

வாங்கினதும், அளவு சரியா இருக்கான்னு பார்க்க நான் செய்யறதைச் செய். ரெஞ்சோட சதுர முனையை வைஸில் இறுக்கி, கைப்பிடி படுக்கைவாட்டில் நிக்கிற மாதிரி வை. தண்ணி கேனை மளிகைக்கடைத் தராசில் 20 கிலோவுக்குச் சரிபண்ணி, முனையிலிருந்து 40 சென்டிமீட்டரில், கைப்பிடி நடுவில் தொங்கவிடு. 20 பெருக்கல் 0.4 பெருக்கல் 9.8, ஆக 78. ரெஞ்சோட சொந்த எடைக்கு இரண்டு மூணு சேர்த்துக்கோ. 75-ல் வச்சா கிளிக் ஆகணும், 86-ல் வச்சா ஆகக்கூடாது. பொசுக்குனு விடாம, கையில் தாங்கி மெதுவா எடையை இறக்கு.

கிளிக் ஒரு தடவை கேட்டா போதும், மறுபடி இழுக்காதே. நட்டைக் கழற்ற இதைத் தொடவே தொடாதே, அதுக்குச் சாதா ஸ்பேனர் இருக்கு. மரையில் எண்ணெய் தடவாதே. அதே அளவுக்கு முடுக்கினாலும் போல்ட் கூடுதலா இழுபடும். வேலை முடிஞ்சதும் அளவை அடி எண்ணுக்கு இறக்கி வை, இல்லைன்னா ஸ்பிரிங் சோர்ந்துடும். நம்ம குற்றாலத்துச் சாரல் ஈரம் இரும்பை விடாது. துடைச்சுப் பெட்டியில் போட்டு, தரையில் வைக்காம பரணில் வை.

வீலைக் குறுக்கும் நெடுக்குமா முடுக்கி மாட்டினப்புறம் ஆரியங்காவு வரை போய்வா. சக்கரம் ஆறினதும் நாலு நட்டிலும் இன்னொரு தடவை ரெஞ்சை வை.