நம்ம ஆறு போகும் கடலோரம்

வருசநாட்டு மலையில் பிறக்கும் நம்ம வைகை, ராமநாதபுரம் பக்கம் கடலை நோக்கிப் போகிறது. அந்த மாவட்டத்தின் கடல் முனைதான் தனுஷ்கோடி. 1964 புயலில் அழிந்த ஊர். இன்று குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் இடம். 2025-ல் தமிழக அரசு அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்தது.

பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் இரை தேடும். நாக்கு பம்பு மாதிரி நீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்துச் சீப்புப் பற்கள் சல்லடை. நாம் படிக்கிற ஃபில்டரேதான்! தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பு தருகிறது.

பார்ப்பது எப்படி?

1. காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
2. பளிச்சென்ற சட்டை வேண்டாம்.
3. லேப் ரெக்கார்டு மாதிரி தேதி, நேரம், எண்ணிக்கை குறியுங்கள்.
4. போட்டோவுக்காக விரட்டாதீங்க. ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் அதன் இரையும் தெம்பும் வீண்.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆனால் நாலாவது பாடம், கம்பம் மலையடிவாரத்தில் மாடு மேய்க்கும் அப்பா சொன்னது: "அசையாம உக்காருடா, அதுவா கிட்ட வரும்."

முதலில் நம்ம ஊர்க் கண்மாயில் பழகுவோம். பிறகு கடலுக்குப் போவோம்!