கயிற்றை வலிக்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

பெருங்கடவிளை, வெள்ளறடை பக்கத்து ரப்பர் விளைகளில் புல்தரை வெட்டும் வண்டிக்கு வேலையில்லை. சரிவில் ஏறி, தொட்டாச்சிணுங்கியையும் கம்யூனிஸ்ட் பச்சையையும் அறுப்பது தோளில் தொங்கும் காடுவெட்டி மிஷின்தான். இரண்டிலும் இருப்பது சிறிய பெட்ரோல் எஞ்சின். மழைக்காலம் முழுக்கச் சாய்ப்பில் கிடந்துவிட்டு வெளியே வந்தால் இரண்டும் ஒரேபோல முரண்டு பிடிக்கும். அப்போது ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்களில் பாதி எஞ்சினுக்குக் கேடு.

"இன்னும் ரெண்டு வலி வலிச்சா ஸ்டார்ட் ஆயிரும்" என்பது முதல் வைத்தியம். சோக்கை மூடி வலிக்கும்போது காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாக உள்ளே போகும். குளிர்ந்த எஞ்சினுக்கு அது தேவைதான். ஆனால் 'டப்' என்று ஒரு சத்தம் வந்து நின்றால், உள்ளே தீ பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே சோக்கைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் வலித்துக்கொண்டே இருந்தால் பிளக் பெட்ரோலில் நனையும். பிறகு தோள்பட்டை கழன்றாலும் எஞ்சின் ஓடாது. பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் துடைத்து உலர்த்துங்கள். சுவிட்சை அணைத்து, பிளக் வயரை ஒதுக்கி வைத்துவிட்டு, சோக் திறந்த நிலையில் கயிற்றைச் சில தடவை வலித்தால் தேங்கிய பெட்ரோல் வெளியே வந்துவிடும். பீடியும் தீப்பெட்டியும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அத்தனை வலித்தும் பிளக் காய்ந்தே இருக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் மேலே வரவில்லை. டாங்குக்குள் கிடக்கும் பில்டர், வெடித்த டியூப், டாங்கு மூடியின் அடைபட்ட காற்றுத்துளை, விறைத்துப்போன கார்ப்பரேட்டர் டயஃப்ரம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஈரமா காய்ந்ததா என்ற இந்த ஒரு கேள்வி பாதி அலைச்சலை மிச்சமாக்கும். ஆனால் பலரும் முதலில் திருகுவது கார்ப்பரேட்டர் ஸ்குரூவை. போன சீசனில் ஒழுங்காக ஓடிய மிஷினின் ஸ்குரூ தானாக மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் கடைசியில் தொட்டால் போதும்.

"பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப்போக?" கெட்டுப்போகும், இப்போது முன்னைவிட வேகமாக. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறிமாறிப் பெய்யும் இந்த மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் அளவுமீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். இரண்டு ஸ்ட்ரோக் மிஷினுக்காக நாம் பெட்ரோலில் கலந்த 2டி ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டாங்கு பில்டர் அடியில் கிடப்பதால் எஞ்சின் குடிப்பது ஆயிலே இல்லாத அந்த அடித்தண்ணியை. அது ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் நல்லது. ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே மிஷினைச் சாய்ப்பில் ஏற்றும் முன் டாங்கைக் காலிசெய்து, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.

ஆயில் கூடினால் எஞ்சினுக்குப் பலம் என்பதும் தவறு. 1:50 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. கையேடு சொல்லும் அளவைத் தாண்டினால் பிளக்கிலும் சைலன்சர் வலையிலும் கரி அடையும். நான்கு ஸ்ட்ரோக் மிஷினுக்குக் கலவையே கூடாது. ஆயிலுக்குத் தனி இடம் உண்டு.

"வெளியே ஸ்பார்க் அடிக்குதே, பிளக் நல்லதுதான்" என்பார்கள். திறந்த காற்றில் பொறி பறப்பது எளிது. சிலிண்டருக்குள் அமுங்கிய கலவையில் அதற்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். சந்தேகமிருந்தால் புது பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை. பழையதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மணல்துகள் உள்ளே போகும். கம்பி பிரஷ் போதும்.

பிளக் மாட்டியிருக்கும்போதே கயிறு எதிர்ப்பு ஏதுமின்றி லேசாக வந்தால், சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. ரிங் தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் கீறியிருக்கலாம். அப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மிஷினை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.