எழுதி வைத்தல்: இளம் நிரலாளர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் கற்றுத் தேறி, கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் ஸ்தாபனத்தில் வேலையும் பெற்று, வாரத்தின் பெரும்பகுதியைப் பன்விலயில் உன் வீட்டில் இருந்தபடியே பணிபுரிகிறாய் என்ற செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. கிட், ஜிரா, கோட் ரிவியூ, தினந்தோறும் காலையில் ஸ்டாண்ட்அப் என்று உன்னைச் சூழ்ந்திருக்கும் கருவிகளிலும் சம்பிரதாயங்களிலும் எவற்றைச் சிரத்தையோடு பயில வேண்டும் என்று கேட்டிருந்தாய். செய்த மாற்றத்தின் காரணத்தை எழுதி வைக்கும் பழக்கமே ஒரு குழுவின் பிரதான கருவி என்பதும், ஏனைய யாவும் அதற்குத் துணை நிற்பவை என்பதுமே என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரத்தைச் சிதைத்து 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்ற விபரங்களை ஒருங்கே வைத்துப் பார்க்க ஒரு சாதனம் இல்லாதிருந்த நிலையில், பல்வேறு கம்பெனிகளைச் சேர்ந்த நிரலாளர்கள் தம் வழக்கமான வேலையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுச் விரைந்து உருவாக்கியதே சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். சஞ்சீவ வீரவரண 2003இல் தொடங்கிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு நிழல் தந்தது. சமிந்த்ர டி சில்வா போன்றோர் அதை வழிநடத்தினர். அவசரத்தில் பிறந்த அந்த முதல் வடிவம் 2005இல் திருத்தி எழுதப்பட்டு, அவ்வாண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும், மறு ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. பின்னர் 2010இல் ஹெயிட்டிப் பூகம்பத்திலும் சஹானா பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருதும் 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராத மனிதர்கள், வெவ்வேறு தேசங்களில், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை நீ ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கொழும்பில் எழுதியவனை அருகில் அழைத்து விளக்கம் கேட்க ஹெயிட்டிக்காக உழைத்தவனால் முடியாது. அவன் கையில் இருந்தவை நிரலும் அதனோடு எழுதி வைக்கப்பட்டிருந்த சொற்களும் மாத்திரமே.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியின் சரித்திரமும் இந்த நோக்கில் கவனிக்கத்தக்கது. லினக்ஸ் கருநிரலை எழுதியோர் 2002 முதல் இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் அந்தச் சலுகை 2005இல் நிறுத்தப்பட, லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். சொந்தப் படைப்பை நான்கு மாதங்களுக்குள் இன்னொருவர் கையில் நிம்மதியாகக் கொடுக்க முடிந்தது அபூர்வமான காரியம். உனக்கோ கிட்டில் வேறொரு விசேஷமும் உண்டு. பழைய சிவிஎஸ், சப்வெர்ஷன் முதலியவற்றில் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யச் சேவையகத்தோடு தொடர்பு இருந்தாக வேண்டும். கிட்டிலோ முழுச் சரித்திரமும் உன் மடிக்கணினியிலேயே இருப்பதால், நக்கிள்ஸ் மலைச்சரிவில் மழை பிடித்துக்கொண்டு சிக்னல் அற்றுப்போகும் மாலைகளிலும் நீ கிளை பிரித்து, மாற்றி, கமிட் என்னும் பதிவைச் செய்து, பழைய பதிவுகளை நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கலாம். தொடர்பு திரும்பியதும் அனுப்பினால் போதும். தோட்டத்து லயத்தில் இருப்பவனுக்கும் கொழும்பு அலுவலகத்தில் இருப்பவனுக்கும் ஒரே சரித்திரத்தைச் சமமாக வழங்கும் கருவி அது.

இனி, கமிட் குறிப்பை எழுதும் முறை. படிவம் ஒன்றில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சோதிக்கும் பகுதியை நீ மாற்றுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். “இலக்கச் சோதனை திருத்தப்பட்டது” என்று எழுதினால், நிரலைப் பார்த்தாலே தெரிவதை மறுபடி சொன்னதாகும். “2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டை வழங்கப்படுகிறது, 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையும் செல்லுபடியாகும், ஆகவே இரண்டையும் ஏற்க வேண்டும்” என்று எழுதினாயானால், பழைய முறை தேவையற்றதென்று கருதி அதை நீக்க வரும் ஒருவன் அந்த வரியை வாசித்துக் கையை எடுத்துக்கொள்வான், பழைய அட்டையோடு வரும் ஒரு முதியவள் திருப்பியனுப்பப்படமாட்டாள். ஒரு கமிட்டில் ஒரு விஷயமே இருக்கட்டும். இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டியிருந்தால் அதை இரண்டாகப் பிரி.

ரிவியூ செய்யும்போது, திறந்த மூல மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி ஸ்தாபனத்தின் ஒரு விதியை நினைவிற் கொள்: நிரல் மாற்றமொன்றைத் தடுக்க அங்கே உரிமை பெற்றவர் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் கூறாத தடை செல்லாது. அந்த ஸ்தாபனத்தின் அக்ஸிஸ்2 திட்டத்தில் இலங்கை நிரலாளர்கள் பெரும்பங்கு வகித்துப் பெயர் பெற்றதும் இந்த ஒழுங்கின் கீழேதான். ஊர், பதவி, ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை, காரணத்துக்கே இடம். ஆகவே மூத்தவர் ஒருவரின் நிரலில் குறை கண்டால் அஞ்சாமல், மரியாதையோடு, காரணத்தை எழுது. உன் நிரலில் குறை காணப்பட்டால் காரணத்தைக் கேள், கேட்டபின் ஏற்றுக்கொள்.

இங்கே உன் நிலைமையைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழுவின் கூட்டங்களில் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி, வேகம் பிடித்ததும் சிங்களத்துக்கு மாறிவிடும். தீர்மானம் அந்த வேகத்திலேயே முடிந்துவிடும். தமிழ்மொழிமூலப் பாடசாலையிலிருந்து போன நீ பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் மௌனமாய் இருப்பாய். எவருடைய துர்எண்ணமும் இதில் இல்லை, ஆயினும் நஷ்டம் உன்னுடையது, குழுவினுடையதும்கூட. தோட்டத்தின் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் பெயர் விழாத நாள் வேலை செய்யாத நாளாகவே கணக்காகும் என்பதை நம் தாய்மார் காலையில் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் கற்றறிந்தார்கள், கூட்டத்தில் எடுக்கப்பட்டு எங்கும் எழுதப்படாத தீர்மானத்தையும் நீ அவ்வாறே எடுக்கப்படாததாகப் பாவித்து, கூட்டம் முடிந்த கையோடு, “நாம் இன்னதை இன்ன காரணத்தால் முடிவு செய்தோம் என்று விளங்கிக்கொண்டேன், சரிதானா?” என்று அந்த வேலைக்குரிய ஜிரா டிக்கெட்டிலேயே எழுதிக் கேள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மற்றவர்களும் அதை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். பேச்சில் பின்தங்கும் ஒருவன் எழுத்தில் நிதானமாக எழுந்து நிற்க முடியும். அந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிடாதே.

ஸ்டாண்ட்அப், ஸ்பிரிண்ட் முதலியவை குழுவுக்குக் குழு மாறும். அந்தந்த இடத்து வழக்கப்படி நடந்துகொள். ஜிரா போனால் இன்னொன்று வரும். அவற்றுக்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு பயிற்சியை மட்டும் உனக்கு விதிக்கிறேன். சஹானாவின் பிற்கால வடிவமான சஹானா ஈடன் பைத்தானில் எழுதப்பட்டு, கிட்ஹப்பில் எவரும் வாசிக்கத் திறந்திருக்கிறது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, முகாம்களையோ காணாமற் போனோரையோ கையாளும் ஒரு கோப்பைத் தெரிந்தெடுத்து, கிட் பிளேம் கட்டளையால் அதன் ஒவ்வொரு வரியும் எப்போது, எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடிப் பார். காரணம் சொல்லும் குறிப்புகளையும் சொல்லாத குறிப்புகளையும் தனித்தனியே குறித்துக்கொள். காரணம் கிடைக்காத வரிகளுக்கு நீயே ஊகித்து ஒரு குறிப்பு எழுதிப் பார்த்து, அடுத்த கடிதத்தோடு எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
உன் அண்ணன்