நீரால் அறியும் வலிமை

உரைநடை உலகம்

நுழையும்முன்

மண்ணுக்குள் புதைந்திருக்கும் குடிநீர்க் குழாய், அடுப்பங்கரையில் நிற்கும் எரிவாயு உருளை, ஆலையில் கொதிக்கும் நீராவிக் கலன் ஆகிய மூன்றும் தம்முள் பெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பவை. மக்கள் பயன்பாட்டுக்கு வருமுன்னரே அவை தாங்குமா என்பதை அறியப் பொறியாளர் பயன்படுத்தும் எளிய பொருள் நீர். அச்சோதனையின் அறிவியலையும் அதனுள் அடங்கிய பொறுப்புணர்வையும் தருமபுரி மண்ணிலிருந்து இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதைத் தட்டி, ஓசை கேட்டு வாங்குவர். பொன்னின் மாற்றறிய உரைகல்லை நாடுவர். ஒன்றை நம்புவதற்கு முன் ஆராய வேண்டும் என்பது நம் முன்னோர் வாழ்வில் ஊறிய நெறி. திருவள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஊருக்கே நீர் தரும் குழாயை எவ்வாறு ஆராய்ந்து நம்புவது? தட்டிப் பார்த்தால் அதன் குறை தெரியாது. அது சுமக்கப்போகும் சுமையை முன்கூட்டியே அதன்மீது ஏற்றிப் பார்க்க வேண்டும். இதுவே நீரழுத்தச் சோதனை.

நீர் இருந்தும் நலமில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடியில் கடும்பாறைகள் மிகுதி. அப்பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதற்குமேல் கலந்த நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. பல ஆண்டுகள் பருகினால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, நடையே தளரும். கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு நீங்குவதில்லை.

இத்துயருக்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவானது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இதனைச் செயற்படுத்தியது. 2008-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற இத்திட்டம் 2013-ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் தூய்மை செய்யப்பட்டு இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கும் குழாய்வழியே செல்கிறது.

இங்கே குழாயின் ஓர் இணைப்பு நெகிழ்ந்தால் வீணாவது நீர் மட்டுமன்று. வழியில் கசியும் நீர் கடைக்கோடி ஊரைச் சென்றடைவதில்லை. அவ்வூரார் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுவர். ஃபுளூரைடு மீண்டும் அவர்கள் குவளைக்கு வரும். மேலும், நீர் நிறுத்தப்பட்ட வேளையில் குழாயினுள் அழுத்தம் குறையும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே நுழையக்கூடும். ஆகவே ஓர் இணைப்பின் உறுதி ஒரு குழந்தையின் உடல்நலத்தோடு பிணைந்துள்ளது.

மேடேறும் காவிரி

ஒகேனக்கல்லில் காவிரி கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் பாய்கிறது. இத்திட்டத்தில் நீர்பெறும் ஒசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு ஏற்றுவது எளிதன்று. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம், தன் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தருகிறது. 600 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் நீரை ஏற்ற முயன்றால் அடியிலுள்ள குழாய் 60 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதனால்தான் இத்தகைய திட்டங்களில் இடையிடையே நீருந்து நிலையங்களும் நீர்த்தேக்கத் தொட்டிகளும் அமைத்து, படிப்படியாக நீரை ஏற்றுகின்றனர். அவ்வாறு செய்தும் ஒவ்வொரு பகுதிக் குழாயும் தாங்கவேண்டிய அழுத்தம் சிறிதன்று.

காற்றை விடுத்து நீரை நாடுவது ஏன்?

மிதிவண்டிக் கடையில் பஞ்சர் பார்ப்பவர் டியூபில் காற்றடித்து, நீரில் அமிழ்த்திக் குமிழியைத் தேடுகிறார். ஓட்டை எங்கே என அறிய அது போதும். பெருங்கலன் ஒன்றின் வலிமையை அறிய அவ்வாறு காற்றடைப்பது பேராபத்து. காரணம், காற்று அமுங்கும். நீர் பெரும்பாலும் அமுங்காது.

1000 லிட்டர் கொள்ளும் கலன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் நீரை நிரப்பிச் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தம் ஏற்ற, நீரின் அமுக்கத்தை மட்டும் கருதினால், ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் கூடுதலாகச் செலுத்தினால் போதும். அதே அழுத்தத்தைக் காற்றால் ஏற்ற, வெளியிலுள்ள காற்றில் ஏறத்தாழ 10,000 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். திணிக்கப்பட்ட காற்று, அழுத்தி வைத்த வில்சுருளைப் போன்றது. கலன் பிளந்தால் அது சீறி விரியும்; இரும்புத் துண்டுகளைத் தூக்கி எறியும். நீரோ சிறிது வெளியேறியதும் அழுத்தம் சட்டென வீழ்ந்துவிடும். இரண்டிலும் அடங்கிய ஆற்றலைக் கணக்கிட்டால் காற்றில் உள்ளது ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதி.

அடைபட்ட நீரில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. ஆதலால் ஒரு முனையில் வைத்த சிறு பம்பு, கண்ணுக்கெட்டாத தொலைவிலுள்ள இணைப்பையும் சோதித்துவிடுகிறது.

சோதனை நடைபெறும் முறை

நீண்ட குழாய்ப்பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்துச் சோதிப்பர். குழாயின் உடற்பகுதியை மண்ணிட்டு மூடி, இணைப்புகளை மட்டும் பார்வைக்குத் திறந்து வைப்பர். இரு முனைகளையும் இரும்புத் தகட்டால் அடைப்பர். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 15 கிலோகிராம் அழுத்தம் ஏற்றினால், அடைப்புத் தகட்டின்மீது ஏறத்தாழ 42 டன் விசை விழும். எனவே முனைகளிலும் வளைவுகளிலும் திண்ணிய முட்டுகள் அமைக்க வேண்டும்.

தாழ்விடத்திலிருந்து மெல்ல நீர் நிரப்புவர். மேட்டிடங்களில் உள்ள காற்றுவால்வுகள் வழியாகக் காற்றை முழுதும் வெளியேற்றுவர். காற்று தங்கிவிட்டால் நீர்ச்சோதனையின் பாதுகாப்பே கெட்டுவிடும். குழாயின் உட்பூச்சு சிமெண்டாக இருந்தால், அது நீரை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருப்பர். அதன்பின் படிப்படியாக அழுத்தத்தை உயர்த்துவர். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை உயர்த்துவது பொதுவான வழக்கம். குறித்த நேரம் வரை அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால், அழுத்தத்தை மீட்க எவ்வளவு நீர் செலுத்த வேண்டியிருந்தது என அளப்பர். அது விதித்த அளவை மீறினால் கசியும் இணைப்பைக் கண்டறிந்து, திருத்தி, மீண்டும் சோதிப்பர். பின்னர் நீரை வடித்து, குழாயைக் கழுவி, குளோரினால் தூய்மை செய்தபிறகே குடிநீர் செலுத்துவர்.

கொதிகலன் கற்பித்த பாடம்

சோதனையின் தேவையை உலகம் உயிர்களை இழந்தே கற்றது. 1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்வதற்கான சட்டம் இயற்றப்பெற்றது. பிற மாகாணங்களும் தனித்தனியே சட்டங்கள் இயற்றின. நாடு முழுமைக்கும் பொதுவான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-இல் வந்தது. 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் போன்ற ஆலைகளில் உருவாகும் கொதிகலன்கள் நாளை நீராவியின் சீற்றத்தைத் தாங்க வேண்டியவை. முதலில் அவை குளிர்ந்த நீரின் அழுத்தத்தைத் தாங்கிக் காட்ட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையும் நீரழுத்தச் சோதனைக்கு உட்பட்டதே. அதன் கழுத்துப்பகுதித் தகட்டில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் காணப்படும். அவை, அடுத்த சோதனை எப்போது செய்யப்பட வேண்டும் என்பதைக் குறிக்கும். ஏ என்பது சனவரி முதல் மார்ச் வரை. பி என்பது ஏப்ரல் முதல் சூன் வரை. சி என்பது சூலை முதல் செப்டம்பர் வரை. டி என்பது அக்டோபர் முதல் திசம்பர் வரை. எண்கள் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள். குறித்த காலம் கடந்த உருளையை ஏற்காமல் திருப்பி அனுப்புவது நம் உரிமை.

சோதனையின் எல்லையும் நேர்மையும்

நீர்ச்சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. இன்று தாங்கிய இரும்பு நாளை துருப்பிடித்து மெலியலாம். ஆகவேதான் கொதிகலன்களுக்கும் உருளைகளுக்கும் குறித்த கால இடைவெளியில் மறுசோதனை உண்டு. மேட்டில் பொருத்திய அழுத்தமானி தாழ்விடத்து அழுத்தத்தைக் காட்டாது. 60 மீட்டர் தாழ்வில் 6 கிலோகிராம் கூடுதலாக இருக்கும். அதைக் கணக்கில் கொள்ளாதவர், நல்ல குழாயையும் உடைத்துவிடக்கூடும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. குழிகளை மூடும் அவசரத்தில் நேரத்தைக் குறைத்தாலும், பழுதான அழுத்தமானியை நம்பினாலும், சோதிக்காமலே பதிவேட்டில் கையொப்பமிட்டாலும் தாள் மட்டும் நிறைவாக இருக்கும். குழாயின் குறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். அதன் விலையைச் செலுத்துபவர், கையொப்பமிட்டவர் அல்லர். கடைக்கோடி ஊரில் குடத்தோடு காத்திருப்பவர். பயன்பாட்டின்போது உடையவேண்டிய இணைப்பு சோதனையின்போதே உடைவது தோல்வி ஆகாது. ஆளில்லா இடத்தில், திருத்த வாய்ப்புள்ள வேளையில் குறை வெளிப்பட்டது என்பதே அதன் பொருள். அக்குறையை உள்ளவாறே எழுதும் பேனா, குழாய்க்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து, எவ்வழியாக வருகிறது என்பதைக் கேட்டறிந்து வரைபடமாக வரைக.

2. இப்பாடத்தில் வரும் கலைச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: கொதிக்க வைத்த நீரும் ஃபுளூரைடு மிகுந்த பகுதியில் பாதுகாப்பானதாகாது. ஏன்?

சிறுவினா: கலனின் வலிமையைச் சோதிக்கக் காற்றினும் நீர் ஏற்றது என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா: ‘சோதனையில் உடைவது தோல்வி ஆகாது’ – இக்கூற்றைத் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரக் கருத்துகளோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.